குறுக்குக் கோடு, அரைக் கை

பிரிக்பீல்ட்ஸ்
4.2.2024

அன்புள்ள புனிதாவுக்கு அண்ணி மலர்விழி எழுதுவது.

கழுத்துப் புண் காய்ந்துவிட்டதா? கஞ்சியை விட்டுச் சோறு சாப்பிடுகிறாயா? எனக்கு முட்டி வலியைத் தவிர வேறு குறையில்லை.

உன் போனை அந்தப் பாவிகள் கொண்டுபோய்விட்டார்கள். புதுசு வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாயாம். உன் புருஷன் போனுக்கு அடித்தால் லோகன் தானே பேசிவிட்டு வைத்துவிடுகிறான். அதனால்தான் துணிப் பொட்டலத்துக்குள் கடிதம். பில் புத்தகத்தில் மட்டும் எழுதிப் பழகிய கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மருத்துவமனையில் உனக்குப் பேச்சு வராமல் இருந்தபோது, ‘வேலைக்குத் திரும்பினால் பழைய சட்டை எதையும் போட மாட்டேன்’ என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாயே, அது என் மனசிலேயே நிற்கிறது. கடையில் தேடி மூன்று டாப்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றும் கோடு போட்டவை. உயர்ந்த கழுத்து, முழுக் கை. வெட்டுத் தழும்பு ஒன்றும் வெளியே தெரியாது. நெடுக்குக் கோடு ஆளை உயரமாகக் காட்டும். இருபத்தாறு வருஷம் துணிக்கடையில் நின்றவள் சொல்கிறேன், உன் உயரத்துக்கு அதுதான் எடுப்பு. சீனப் பெருநாள் வெயில் இப்போதே கொளுத்துகிறது. ஆனாலும் துணி மெல்லிசுதான், பயப்படாதே.

லோகனுக்கு நெற்றித் தையலைப் பிரித்தாயிற்றா? ஆறு தையல். நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பாராங் கத்தியோடு வீட்டுக்குள் வந்த மூன்று பேரை வெறுங்கையோடு எதிர்த்தவன் என் தம்பி. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மட்டும் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் உன்னை எங்கே பார்த்திருப்போம்? வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

போட்டுப் பார்த்து உள்ளதை எழுது. கோயிலில் உங்கள் இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்திருக்கிறேன். விபூதி சட்டைப் பைக்குள் இருக்கிறது.

உன் அண்ணி
மலர்விழி


கிள்ளான்
19.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

விபூதி பூசிக்கொண்டேன். நீங்களும் முட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், கடையில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பேச்சு திரும்பிவிட்டது. சத்தமாகப் பேசினால்தான் கரகரக்கிறது.

மூன்றில் இரண்டைத் திருப்பி அனுப்புகிறேன். கோபப்படாதீர்கள். சட்டையில் குறையில்லை, உங்களுக்குத் தெரிந்த உடம்பு இப்போது என்னிடம் இல்லை. அளவு சரியாக வர வேண்டும் என்பதால் உள்ளபடி எழுதுகிறேன்.

ஒரு தழும்பு இடது காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்தின் பக்கவாட்டில் இறங்கித் தோளெலும்பில் முடிகிறது. உயர்ந்த கழுத்து அதில் உரசி, அரை மணி நேரத்தில் தீப்பட்டது போல எரிகிறது. இன்னொன்று தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில். அங்கே தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வேர்த்தால் அரிக்கும், இறுக்கினால் வலிக்கும். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அதனால் தலைவழியாகப் போடுவது எதுவும் ஆகாது, முன்பக்கம் பொத்தான் வைத்ததாக வேண்டும். ஒன்பது கிலோ இறங்கிவிட்டேன். நெடுக்குக் கோட்டில் என்னைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது, கம்பத்துக்குச் சட்டை மாட்டியது போல. தோளும் ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது, கோடுகள் அதைப் பிடித்துக் காட்டுகின்றன.

குறுக்குக் கோடாக, விரல் அகலத்துக்கு, பருத்தியில் கிடைக்குமா? ஜூலை வரைதான் தொழிற்சாலையில் என் இடத்தை வைத்திருப்பார்கள். அந்தத் தெலுக் பங்லிமா காராங் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். சரக்கு அனுப்பும் பிரிவில் விசிறி ஒன்றுதான்.

உங்கள் தம்பிக்குத் தையல் பிரித்தாயிற்று. வேலைக்குப் போகிறார்.

உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்
புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
3.3.2024

அன்புள்ள புனிதாவுக்கு,

குரல் திரும்பியது என்று படித்ததும் கடையிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு நாற்காலி வந்துவிட்டது, நீ சொன்னதற்காகவே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தத் தழும்புகளை அளவுநாடா வைத்த மாதிரி எழுதியிருக்கிறாய். படிக்கும்போது என் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று நாள் அலைந்தேன். குறுக்குக் கோட்டில் கிடைத்ததெல்லாம் பாலியெஸ்டர். கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில் ஏற்றுமதிக்குத் தைக்கும் ஒரு தொழிற்சாலை வாசலில் இது அகப்பட்டது. கரும்பச்சையும் வெள்ளையும், விரல் அகலம், நல்ல பருத்தி, முன்னால் பொத்தான். கழுத்து அகன்றது, எங்கேயும் உரசாது. நம் தையல்காரி ரமணி இடது தோளுக்குள் மெல்லிய பஞ்சு வைத்திருக்கிறாள். போட்டுப் பார், கோடு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். குறுக்குக் கோடு உடம்பை நிரப்பிக் காட்டும் என்று நான் குண்டுப் பெண்களை எச்சரிப்பேன், உனக்கு இப்போது அதுதான் தேவை. கையை முக்கால் அளவுக்கு நிறுத்தச் சொன்னேன். ஒட்டுத் தோலும் மறையும், காற்றும் போகும். கடைக்கு வந்த ஒருத்தி அதைக் கேட்டு அடம்பிடித்தாள். “அது என் தம்பி பொண்டாட்டிக்கு, தொடாதீங்கக்கா” என்று வாங்கி வைத்தேன்.

ஒரு நல்ல செய்தி. உங்கள் தாமான் குடியிருப்போர் சங்கத்தில் லோகனுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். ஜூன் கடைசியில் விழா. நடந்ததை நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், தலைவர் மேடையில் படிப்பாராம். லோகனைக் கேட்டால், “விடுக்கா, அதெல்லாம் எதுக்கு” என்கிறான். அவ்வளவு அடக்கம். நீதான் கூடவே இருந்தாய். அவன் எப்படிக் குறுக்கே பாய்ந்தான், எப்படி அடி வாங்கினான், ஒன்று விடாமல் எழுது.

மோர் நிறையக் குடி. இந்த வெயிலில் புண் பட்ட உடம்புக்குச் சூடு ஆகாது.

உன் அண்ணி
மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
31.3.2024

புனிதா,

சுகமாக இருக்கிறாயா, இல்லையா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. பொட்டலத்தை நீதான் கையெழுத்துப் போட்டு வாங்கியதாகக் கூரியர் பையன் சொல்கிறான். லோகனைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கா” என்று ஒரு வார்த்தை.

ஒருத்தன் செலாயாங்கில் பிடிபட்டானாமே! அடையாளம் காட்ட உன்னைக் கூப்பிடுவார்கள் என்றும் கேள்விப்பட்டேன். தனியாகப் போகாதே. டாப்ஸ் சரியாக இருந்ததா என்று ஒரு வரியாவது போடு. இங்கே எனக்குத் தூக்கமில்லை.

மலர்விழி


கிள்ளான்
14.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வணக்கம். உங்களைத் தவிக்க வைத்துவிட்டேன், மன்னியுங்கள். உடம்பு பரவாயில்லை. பச்சைக் கோடு அப்படியே பொருந்துகிறது. ரமணி அக்காவுக்கு நன்றி சொல்லுங்கள். கண்ணாடியில் முதல்முறையாக ஒரு மனுஷி தெரிந்தாள்.

அடையாளம் காட்டப் போனேன். தனியாகத்தான் போனேன். எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை, அன்று மூன்று பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் மணிக்கட்டைச் சொறிந்தான். அந்தக் கையை எனக்குத் தெரியும். கட்டை விரல் நகம் பாதி இல்லாத கை. “இவந்தான்” என்றேன். பெண் போலீஸ் “நிச்சயமா?” என்று இரண்டு தடவை கேட்டாள். “ஆமா, கண்டிப்பா” என்றேன். வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

விழாவுக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன். பகல் பதினொன்றரை மணி. பாசாரிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். கிரில் கதவைப் பூட்டத் திரும்பியபோது ஒரு கால் உள்ளே வந்தது. கதவால் அந்தக் காலை நசுக்கினேன். அவன் கத்தினான். பின்னால் இருந்தவன் கம்பிக்கு நடுவில் கையை விட்டு என் முடியைப் பிடித்து முகத்தைக் கம்பியில் மோதினான். முன்பல் ஆடியது. மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். “எமாஸ் மானா?” என்றான், நகை எங்கே என்று. மீன் பையை அவன் முகத்தில் வீசிவிட்டு, “என்னங்க, என்னங்க” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன். உங்கள் தம்பி ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார்.

அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. மீதியை அவரிடமே கேளுங்கள்.

இன்னொரு டாப்ஸ் வேண்டும், அண்ணி. இதே குறுக்குக் கோடு, ஆனால் அரைக் கை. முக்கால் கை வேண்டாம். கை மூடியிருந்தால் எதையோ ஒளிக்கிறேன் என்று தோன்றுகிறது. எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

உங்களுக்குத் தூக்கம் நன்றாக வரட்டும்.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
28.4.2024

புனிதாவுக்கு,

நலம்தான் இங்கே. ஆனால் மனசு நலமில்லை. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அரைக் கை போட்டால் அந்த ஒட்டுத் தோலை ஊரே பார்க்கும். கான்டீனில் சோறு தின்கிறவர்கள் தட்டை நகர்த்துவார்கள். நான் கடைக்காரி. எது ஒரு பெண்ணை அழகாகக் காட்டும், எது காட்டாது என்று எனக்குத் தெரியும். இது காட்டாது. அதனால் அனுப்பவில்லை.

அடுத்தது. போன வாரம் லோகன் கடைக்கு வந்தான். கேட்டுக் கேட்டுத்தான் வாயைத் திறந்தான். நீ அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். அவனை ஹாலில் படுக்கச் சொல்லிவிட்டு நீ அறையைப் பூட்டிக்கொள்கிறாயாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஆள், ஆறடி உடம்பு, என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். உனக்காக ரத்தம் சிந்தினவனுக்கு நீ கொடுக்கிற மரியாதை இதுவா? உன் கடிதத்தில்கூட ‘எழுந்தார்’ என்று நிறுத்திவிட்டாய். எழுந்து என்ன செய்தார் என்று ஒரு வரி நன்றியோடு எழுதினால் உன் கை தேய்ந்து போகுமா?

எங்கள் அம்மா சாகும்போது அவனுக்கு ஏழு வயசு. நான்தான் அவனை ஆம்பிளையாக வளர்த்தேன். அவனை யாராவது சிறுமைப்படுத்தினால் என்னால் பொறுக்க முடியாது, அது நீயாக இருந்தாலும் சரி.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. பதில் போடு.

மலர்விழி


கிள்ளான்
12.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாத்திரை தவறவில்லை. நீங்கள் கேட்ட வரியை எழுதுகிறேன். இதை மேடையில் படிக்க முடியாது.

எழுந்தார். என்னைப் பார்த்தார். என் பின்னால் வந்தவன் கையில் இருந்த பாராங்கையும் பார்த்தார். திரும்பிப் படுக்கையறைக்கு ஓடினார். நானும் அவர் பின்னாலேயே ஓடினேன். ஒரு எட்டு வித்தியாசம்தான், அண்ணி. என் விரல்கள் கதவில் பட்டபோது அது சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நான் கதவைத் தட்டினேன். “என்னங்க, தெறங்க. நான்தான். தெறங்க” என்றேன். முதல் வெட்டு அப்போதுதான் விழுந்தது. வலிக்கவில்லை, தோளில் யாரோ மூட்டையைப் போட்டது போல இருந்தது. கழுத்து வழியாகச் சூடாக ஒழுகியது. திரும்பிக் கையைத் தூக்கினேன், இரண்டாவது வெட்டு கையில். சதை தொங்கியதைப் பார்த்தேன். கதவில் முதுகைச் சாய்த்தபடியே சரிந்தேன். ஒருவன் என் வயிற்றில் கால் வைத்து வளையல்களை இழுத்தான். சுண்டு விரல் ஒடிந்தது அப்போதுதான். தாலியை அறுக்கும்போது வெட்டுக்குள்ளேயே அவன் விரல் போனது. இன்னொருவன் என் தலைக்கு மேலே கதவை இரண்டு உதை உதைத்தான். திறக்கவில்லை என்றதும் விட்டுவிட்டான். அவ்வளவு நேரமும் கதவுக்கு அந்தப் பக்கம் உங்கள் தம்பி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. கையில் போன் வைத்திருந்தார். போலீசுக்கு அடிக்கவில்லை. பேசினால் சத்தம் கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகு தாழ்ப்பாள் விலகியது. நான் தரையில் கிடந்தேன். அவர் குனிந்து பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நிமிர்ந்தார். திரும்பி அறைக்குள் போனார்.

‘தங்’ என்று ஒரு சத்தம். இரும்பு அலமாரியின் சத்தம், எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, முன்னைவிடப் பலமாக. வெளியே வந்தபோது நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார். “என் பொண்டாட்டிய வெட்டிட்டாங்க, என்னையும் அடிச்சிட்டாங்க” என்று அழுதார். உங்கள் ஆறு தையல் அதுதான்.

பயந்து ஓடினதை நான் குற்றம் சொல்லவில்லை. நானும் பயந்துதான் ஓடினேன். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் போனாரே, அந்த நேரத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அவர் எதிரே உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

நான்கு மாதமாக அவரும் இதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீங்கள் திரும்பத் திரும்ப அவர் வாங்கிய அடியைப் பற்றி எழுதினீர்கள். நான் ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். இந்த மாதக் கடைசியில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் அறைக்குப் போகிறேன். விலாசம் கீழே இருக்கிறது.

நீங்கள் எனக்காக அலைந்த அலைச்சலை மறக்க மாட்டேன். முட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
17.5.2024

புனிதா,

பொய்.

சாவைப் பார்த்துவிட்டு வந்தவள், மயக்கத்தில் எதையோ கண்டிருக்கிறாய் என்று உனக்காக நானே காரணம் தேடிப் பார்த்தேன். முடியவில்லை. விட்டுப் போவதென்று முடிவு செய்துவிட்டாய், அதற்கு என் தம்பியைக் கோழையாக்குகிறாய். நீ இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் கிழித்துப் போடுவேன்.

மலர்விழி


பிரிக்பீல்ட்ஸ்
7.7.2024

புனிதாவுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கடை மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ‘தங்’ சத்தம் வரும். ஒன்று, பொறுத்து இன்னொன்று. அப்படியொரு சத்தத்தை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள் என்று எனக்குள்ளேயே ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அவளை அதட்டிக்கொண்டே இருந்தேன்.

முப்பதாம் தேதி விழா நடந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ காய்ச்சலில் கிடப்பதாக லோகன் எல்லாரிடமும் சொன்னான். பொன்னாடை போர்த்தினார்கள், கண்ணாடிப் பலகையில் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். “அவன் வெட்ட வந்தான், நான் கத்தியை உள்ளங்கையால புடிச்சேன்.” சபை கைதட்டியது. நான் அவன் கையைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனோம். நடையில் மூன்று கதவு. படுக்கையறைக் கதவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட். அதுவும் பாதிக்குக் கீழேதான்.

“லோகு, கையக் காட்டு.”

“எதுக்குக்கா?”

“காட்டுடா.”

இரண்டு உள்ளங்கையும் வழுவழு என்றிருந்தன.

“இந்தக் கதவுக்கு மட்டும் ஏன் பெயிண்ட் அடிச்சே?”

அவன் கதவைப் பார்க்கவே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. கையில் இருந்த அந்தக் கண்ணாடிப் பலகையால் அவனை அடித்தேன். தோளில், முதுகில், எங்கே பட்டதென்று தெரியாது. கண்ணாடி நொறுங்கி என் கையையும் கிழித்தது. நாற்பத்தொரு வயசு ஆம்பிளை, கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பயந்துட்டேன்க்கா. காலு தானா ஓடிருச்சு. கை தானா தாழ்ப்பாளப் போட்டுருச்சு.”

“பயந்தது கெடக்கட்டும். அப்புறம் தெறந்து பாத்தேல்ல? ரத்தத்துல கெடந்தால்ல? திரும்பிப் போயி தலைய முட்டிக்கிட்டியே, அதுவும் தானா நடந்துச்சா?”

நெடுநேரம் அழுதான். பிறகு சொன்னான், “ஒனக்குப் பயந்துதான்க்கா. நீ வந்து, ‘அவளுக்கு இவ்ளோ வெட்டு, ஒனக்கு ஒரு கீறல்கூட இல்லையா’ன்னு கேப்பே. அது ஒண்ணுதான் என் தலைல ஓடுச்சு.”

புனிதா, அவன் சொன்னது சரி. நான் கேட்டிருப்பேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்கு ஒன்பது வயசில், பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் அவனை அடித்து மூக்கை உடைத்துவிட்டான். அழுதுகொண்டு வந்தான். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டேன். “அடிச்சிட்டு வா, அப்பத்தான் தெறப்பேன்” என்றேன். சாக்கடைத் திட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். நான் திறக்கவில்லை. பிறகு போய்க் கல்லால் அந்தப் பையன் பல்லை உடைத்துவிட்டு வந்தான். அன்று அவனுக்கு ஆட்டுக்கறி சமைத்துப் போட்டேன். நான் வளர்த்த லட்சணம் இது. பெருமையாக வேறு உனக்கு எழுதினேன்.

மறுநாள் காலை அவனைப் போலீஸ் நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று சொல்லி மாற்றி எழுதினான். சார்ஜன் எழுதிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து அவனைப் பார்த்தார். சங்கத் தலைவர் வீட்டுக்கும் போய்ப் பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் மனைவி தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

உன்னைப் பொய்க்காரி என்றேன். அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. நீ கேட்ட அரைக் கையை ரமணி தைத்துவிட்டாள். கான்டீனில் தட்டை நகர்த்துவார்கள் என்று எழுதினேனே, அப்படி எவளாவது நகர்த்தினால் எனக்குச் சொல். பதில் போடாவிட்டாலும் போட்டுக்கொள்.

மலர்விழி


தெலுக் பங்லிமா காராங்
29.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கையில் கண்ணாடி கிழித்த இடம் ஆறிவிட்டதா? இரண்டரை மாதம் பதில் போடாததற்குக் கோபம் ஒரு காரணம். எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ‘பொய்’ என்ற வார்த்தை முன்னால் வந்து நின்றது. இப்போது கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதல் நாள் அரைக் கையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். நன்றாக இருக்கிறது, அண்ணி. பொய்யில்லை. நான் போட்ட துணியிலேயே இதுதான் எனக்குப் பொருத்தம். கான்டீனில் பக்கத்து மேசை சீதாலெட்சுமி நேராகவே கேட்டாள். “என்னக்கா இது, ஆக்சிடெண்டா?” என்றாள். “இல்ல, வெட்டிட்டாங்க” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து பாதி முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

உங்கள் தம்பி போன வெள்ளிக்கிழமை தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். மெலிந்திருந்தார். மழைத் தூறலில் நின்றுகொண்டே பேசினோம்.

“எல்லாத்தையும் சொல்லிட்டேன் புனிதா. போலீஸ்ல, தாமான்ல, எல்லார்கிட்டயும். இப்ப என் மூஞ்சில துப்பாத ஆளு இல்ல. இனி மறைக்க ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வா.”

“கதவச் சாத்துனத நான் எப்பவோ விட்டுட்டேங்க.”

“அப்புறம் என்ன?”

“தெறந்து என்னப் பாத்தீங்க. உயிரு இருக்குன்னு தெரியும். ரத்தத்த அமுக்கிப் புடிக்க ஒரு கை வேணும்னு கெடந்தேன். நீங்க உங்க நெத்தியப் பாக்கப் போயிட்டீங்க. அடுத்த தடவ எனக்கு ஒண்ணுன்னா, நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்கன்னு நான் பாத்துக்கிட்டே வாழணும். என்னால முடியாது.”

தொழிற்சாலை பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அவர் நனைந்துகொண்டே நின்றார். எனக்கு அழுகை வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினான்கு வருஷம்.

ஒன்பது வயசில் நீங்கள் பூட்டிய கதவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. அதைக் காட்டி நான் அவரை விடுவிக்கவும் மாட்டேன், உங்களைப் பிடிக்கவும் மாட்டேன்.

அக்டோபர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிள்ளானில் வழக்கறிஞர் அலுவலகம். மணவிலக்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவரும் வருவார். எனக்கு அம்மா அப்பா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய அக்காவை எனக்குத் துணையாக வரச் சொல்வது நியாயமில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வராவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தீபாவளி வியாபாரத்தில் அதை மறந்துவிடுவீர்கள்.

புனிதா


பிரிக்பீல்ட்ஸ்
3.10.2024

அன்புள்ள புனிதாவுக்கு,

கை ஆறிவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேளைக்குச் சாப்பிட்டேன்.

தீபாவளிக்கு நான்கே வாரம். இருபத்தாறு வருஷத்தில் இந்தச் சமயத்தில் நான் கடையை மூடியதில்லை. செவ்வாய்க்கிழமை மூடுகிறேன். கதவில் அறிவிப்பு எழுதி ஒட்டியாயிற்று. ஒன்பது மணிக்கெல்லாம் உன் அறை வாசலில் இருப்பேன், சேர்ந்தே போவோம்.

லோகன் நேற்று வந்தான். அறிவிப்பைப் படித்துவிட்டு நின்றான்.

“நீ யாரு பக்கம்க்கா ஒக்காருவே?” என்றான்.

“அவ பக்கம்” என்றேன்.

அறிவிப்பை இன்னொரு முறை படித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அவளுக்கு எடது கை தூக்க வராதுக்கா. கார் பெல்ட்ட நீ மாட்டி விடு” என்றான். சரி என்றேன். சோறு போட்டுக் கொடுத்தேன். பாதி தின்றான்.

அன்புடன்
மலர்விழி